சைக்கிளுக்கும் சாலைக் கட்டணமா?

நாகர்கோவிலில் கார் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "வண்டி வாங்கும்போதே சாலை வரி கட்டிவிட்டேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் வரி. காவல்கிணறு பக்கம் போனால் திருப்பதிசாரத்தில் டோல். சைக்கிளில் வருகிறவர் ஒரு பைசா கட்டாமல் எனக்கு முன்னால் ரோட்டின் பாதியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போகிறார். சாலையில் இடம் பிடிக்கிற எல்லோரும் அதற்குக் காசு கொடுக்க வேண்டாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலையைப் பயன்படுத்துவதற்குக் காசு வாங்குவது நியாயம்தான். ஆனால் எதை அளந்து வாங்குகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வண்டி சாலையை எவ்வளவு தேய்க்கிறது, எவ்வளவு இடத்தை எவ்வளவு நேரம் அடைத்துக்கொள்கிறது, அடுத்தவருக்கு எவ்வளவு தாமதமும் ஆபத்தும் உண்டாக்குகிறது என்று அளந்தால் சைக்கிளின் பங்கு வசூலிக்கும் செலவுக்குக்கூடத் தேறாது. அதே அளவுகோலில் கல் ஏற்றிய லாரிக்கும், நாள் முழுக்கத் தெருவில் இலவசமாக நிற்கும் காருக்கும் இன்று வாங்குவதைவிட அதிகம் வாங்க வேண்டியிருக்கும். நெடுஞ்சாலை வேலைகளில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கேட்டவர் பக்கத்து நியாயம். கார்காரர்கள் நிறையத்தான் கட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம். 8 லட்ச ரூபாய் காருக்கு 1,04,000 ரூபாய். பெட்ரோலில் மத்திய அரசின் கலால் வரி, அதற்குள்ளேயே சாலைக்கென்று ஒரு செஸ், மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி எல்லாம் சேர்ந்தால் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரிதான். மோட்டார் வாகன வரி என்பது பொதுச் சாலையைப் பயன்படுத்துவதற்கான ஈடு என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பொதுச் சாலைக்கே வராமல் ஒரு தொழிற்சாலை வளாகத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த வரி கிடையாது என்று 2025 ஆகஸ்டில் மறுபடியும் தீர்ப்பு வந்தது. ஆக, 'நான் ரோட்டுக்குக் காசு கொடுக்கிறேன்' என்று அவர் சொல்வதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது.

ஆனால் அந்த 1,04,000 ரூபாய் 15 ஆண்டுகளுக்கானது. நாளுக்குப் பிரித்தால் 19 ரூபாய். வண்டி வீட்டுக் கொட்டகையில் சும்மா நின்றாலும் அதே 19 ரூபாய். காலை ஒன்பது மணி நெரிசலில் வடசேரிக்கும் கோட்டாருக்கும் நான்கு முறை போய்வந்தாலும் அதே 19 ரூபாய். சாலையைப் பயன்படுத்தும் அளவுக்கும் இந்த வரிக்கும் தொடர்பே இல்லை. பெட்ரோல் வரியாவது ஓடிய தூரத்தோடு ஏறுகிறது. அதுவும் எந்த ரோட்டில், எந்த நேரத்தில் ஓடியது என்று பார்ப்பதில்லை.

சரி, சைக்கிள்காரர் ஒன்றுமே கட்டுவதில்லையா? இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் சைக்கிள் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இலும் 66-இலும் அது ஓடும் தூரம் கொஞ்சம். பெரும்பாலும் ஊராட்சி ரோடு, பேரூராட்சி ரோடு, மாநகராட்சித் தெரு. சுமார் 50 பேரூராட்சிகள் உள்ள மாவட்டம் இது. அந்த ரோடுகளைப் போடும் பணம் வீட்டு வரியிலிருந்தும், மாநிலம் தன் பொது வருவாயிலிருந்து உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதிலிருந்தும், திட்ட நிதிகளிலிருந்தும் வருகிறது. கருங்கல்லில் ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு சைக்கிளில் வேலைக்குப் போகிறவரும் வீட்டு வரி கட்டுகிறார். அவர் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் செல்போன் ரீசார்ஜிலும் ஜிஎஸ்டி இருக்கிறது. சைக்கிளுக்கே 12 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பரிலிருந்து 5 சதவீதம். டோல் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி இரு சக்கர வாகனமும் டோல் கட்டுவதில்லை, டிராக்டரும் கட்டுவதில்லை. திருப்பதிசாரத்தில் ஓரமாகக் கடந்து போகிறவர்களில் சைக்கிளைவிடப் பைக்தான் பல மடங்கு. ஆனால் கோபம் மட்டும் சைக்கிள்மேல் வருகிறது.

இனி எடைக்கு வருகிறேன். என் வேலையில் அதிகம் பார்த்தது இதைத்தான்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. வட்டமாகச் சாலைகள் போட்டு, வெவ்வேறு எடையுள்ள லாரிகளை ஓயாமல் ஓட்டி, எது எவ்வளவு சேதம் செய்கிறது என்று அளந்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் சாலைப் பொறியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த நான்காம் அடுக்கு விதி. ஓர் அச்சின்மேல், அதாவது சக்கரங்கள் சுழலும் தண்டின்மேல், உள்ள எடை இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை. இரண்டை நான்கு முறை பெருக்கினால் வரும் அளவுக்கு, சுமார் 16 மடங்கு ஆகிறது. தோராயமான விதிதான், சாலைக்குச் சாலை மாறும். ஆனாலும் அறுபது ஆண்டுகளாக உலகம் முழுக்கச் சாலையின் கனத்தைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரிய இடம் இருக்கிறது.

இதை நம் ஊர் வண்டிகளுக்குப் போட்டுப் பார்க்கலாம். சைக்கிள், ஓட்டுகிறவர், பின்னால் ஒரு சாக்கு, எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்றால் அச்சுக்கு 50 கிலோ. ஆட்களோடு ஒரு சின்னக் கார் 1,200 கிலோ என்றால் அச்சுக்கு 600. பன்னிரண்டு மடங்கு எடை. நான்காம் அடுக்கில் இருபதாயிரம் மடங்கு சேதம். காருக்கு வருடத்துக்கு 20,000 ரூபாய் சேதக் கட்டணம் போட்டால், அதே கணக்கில் சைக்கிளுக்கு ஒரு ரூபாய். கார்காரர் இதைக் கேட்டுக் கவலைப்பட வேண்டாம், ஏனென்றால் காரும் இந்தக் கணக்கில் சின்ன ஆள்தான். லாரியின் பின் அச்சு 10.2 டன் என்றால் காரின் அச்சைவிட 17 மடங்கு எடை. சேதம் எண்பதாயிரம் மடங்குக்கு மேல். தார்ச் சாலையின் கனத்தை வடிவமைக்க, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் தந்திருக்கும் வழிகாட்டியில் 3 டன்னுக்கு மேற்பட்ட வணிக வாகனங்களை மட்டுமே எண்ணச் சொல்லியிருக்கிறது. கார், பைக், சைக்கிள் எதையும் எண்ண வேண்டியதே இல்லை. அவற்றின் எடையால் ரோடு தேய்வதில்லை என்பதுதான் காரணம்.

2018-இல் மத்திய அரசு அந்த அச்சு எடையின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னுக்கு உயர்த்தியது. 13 சதவீதம்தான் ஏற்றம். நான்காம் அடுக்கில் போட்டால் ஒவ்வொரு அச்சும் செய்யும் சேதம் 60 சதவீதம் கூடுகிறது. இது சட்டப்படி ஏற்றும் பாரத்துக்கு. வரம்பையும் மீறி அச்சுக்கு 15 டன் வந்தால் 11.5 டன் செய்வதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சேதம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் யாருக்கும் இது ஏட்டுக் கணக்கு இல்லை. கேரளத்துக்குக் கல், ஜல்லி, எம்சாண்ட் ஏற்றிப் போகும் கனரக லாரிகளைப் பற்றிப் பல வருடங்களாக இங்கே போராட்டம் நடக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து வருபவை காவல்கிணறு வழியாக நுழைந்து ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று மாவட்டத்தின் முழு நீளத்தையும் கடந்து களியக்காவிளையில் வெளியேறுகின்றன. பள்ளி நேரத்தில் வரக்கூடாது, பகலில் வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது நேரக் கட்டுப்பாடு போடுகிறது. நேரக் கட்டுப்பாட்டால் ஆபத்து குறையும், தேய்மானம் குறையாது. ராத்திரியில் போனாலும் அதே அச்சு, அதே எடை.

இந்தத் தேய்மானத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? லாரிக்காரர் காலாண்டு வரி கட்டுகிறார், டீசலில் வரி கட்டுகிறார், டோல் இருக்கும் இடத்தில் டோல் கட்டுகிறார். கனிமத்துக்கு அரசு வாங்கும் சீனியரேஜ் கல்லுக்கான விலை. ரோட்டுக்கானது அதில் இல்லை. அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. பிடித்தால்தான் அபராதம். எடைமேடையில் ஏற்றினால்தான் பிடிக்க முடியும். இந்த இடத்தில் சுவிட்சர்லாந்திடம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. அதுவும் நம் மாவட்டம்போல் மற்றவர்களின் சரக்கு கடந்து போகும் மலைநாடு. 2001 முதல் கனரக வண்டிகளிடம் ஓடும் தூரம், எடை, புகையின் அளவு மூன்றையும் பெருக்கிக் கட்டணம் வாங்குகிறார்கள். மாவட்டத்தின் கிழக்கு வாசலிலும் மேற்கு வாசலிலும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எடை பார்க்கும் கருவி வைத்து, எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ற ஒரு தொகையை ஃபாஸ்டேகில் எடுத்து, அந்தப் பணத்தை அதே வழித்தடத்துக்குச் செலவழித்தால், என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியின் பெரிய பாதி தீர்ந்துவிடும். இதற்குச் சட்டத்தில் இடம் ஏற்படுத்த வேண்டியது அரசின் வேலை. கருவி புதிதல்ல, பல டோல்களில் இப்போதே இருக்கிறது.

எடைக்கு அடுத்தது தண்ணீர். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஓடை அடைபட்ட ரோட்டில் தண்ணீர் அடித்தளத்துக்குள் இறங்கி, மேலே லாரி ஏறும்போது தார் உடைகிறது. பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டிவிட்டுச் சரியாக மூடாத இடத்திலும் அதேதான். மழையிடம் கட்டணம் வாங்க முடியாது. ஓடையைத் தூர்வார வேண்டும். ஆனால் அந்தச் செலவையும் சைக்கிள்மேல் எழுத முடியாது.

இனி இடம். கேள்வியின் உண்மையான வலி இங்கேதான் இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் இருந்த மாவட்டம் இது. சென்னையை விட்டால் தமிழ்நாட்டில் இவ்வளவு நெருக்கம் அப்போது வேறெங்கும் இல்லை. களியக்காவிளையில் பஸ் ஏறி நாகர்கோவில் வரை வந்து பாருங்கள், வீடு இல்லாத இடம் என்று தொடர்ச்சியாக ஒரு கிலோமீட்டர் பார்ப்பது கஷ்டம். விளையும் வீடும் குளமும் கால்வாயும் ஒட்டி ஒட்டி இருப்பதால் ரோட்டை அகலப்படுத்த எங்கே கை வைத்தாலும் யாருடைய திண்ணையோ போகும். மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் இரும்புத் தூண் நட்டு மேம்பாலம் கட்டியது அதனால்தான். கேரள எல்லையிலிருந்து வரும் நாலுவழிச் சாலை ஆண்டுக்கணக்கில் இழுத்ததற்கும் நிலமும் மண்ணும் பெரிய காரணம். இப்படிப்பட்ட ஊரில் ரோட்டின் ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டு என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் அளந்து பார்ப்போம். கிராமப்புறச் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் தந்த அளவில் ஒரு கார் 1 அலகு. பைக் 0.5, சைக்கிளும் 0.5, பஸ்ஸோ லாரியோ 3. கேட்டவருக்குச் சாதகமான ஒரு விஷயம் இதில் இருக்கிறது: சைக்கிள் உடலால் சின்னதாக இருந்தாலும் மெதுவாகப் போவதால் பாதிக் கார் அளவுக்கு இடம் பிடிப்பதாக எண்ணுகிறார்கள். தலைக்குப் பிரித்தால் சைக்கிளில் போகிறவர் 0.5, காரில் இரண்டு பேர் இருந்தால் அவர்களும் ஆளுக்கு 0.5. தனியாகப் போகும் கார்காரர் 1. பைக்கில் இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 0.25. ஐம்பது பேர் ஏறிய பஸ்ஸில் ஆளுக்கு 0.06. இந்த வரிசையில் அரசு பஸ்ஸில் மீன் கூடையோடு ஏறும் அக்காதான் எல்லோரையும்விடக் குறைவாக இடம் பிடிக்கிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்றதை வெறும் சலுகையாகப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர் அரசு 1938-இலேயே அரசு பஸ் விட ஆரம்பித்த பகுதி இது. பஸ்ஸை நம்பி வாழ்ந்த ஊர்கள் நம்முடையவை.

நகரத்துக்குள் சைக்கிள் மெதுவாகப் போவதும் பெரிய விஷயமில்லை, ஏனென்றால் அங்கே காரும் ஊர்ந்துதான் போகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு செட்டிகுளம் ஜங்ஷனில் யாராலும் முப்பதில் போக முடியாது. முன்னால் போகும் சைக்கிளை எடுத்துவிட்டால் அடுத்த சிக்னலுக்குக் கொஞ்சம் சீக்கிரம் போய் நிற்கலாம், அவ்வளவுதான்.

ஓடும்போது பிடிக்கும் இடத்தைவிட நிற்கும்போது பிடிக்கும் இடம்தான் எனக்குப் பெரிய கவலை. நிறுத்திய ஒரு கார் 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம் எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டரை சதுர மீட்டர். ஒரு சென்ட் நிலம் என்பது 40 சதுர மீட்டரும் கொஞ்சமும். அதாவது மூன்று கார் நின்றால் ஒரு சென்ட் போயிற்று. நாகர்கோவில் நகருக்குள் ஒரு சென்ட் என்ன விலை என்று கேட்டவருக்கே தெரியும். அதே இடத்தில் கடை வைத்திருப்பவர் மாத வாடகை கொடுக்கிறார், தள்ளுவண்டிக்காரரை விரட்டுகிறார்கள். கார் மட்டும் காலை பத்து முதல் ராத்திரி எட்டு வரை சும்மா நிற்கலாம். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டு சைக்கிளாவது நிற்கும்; ஆனால் பெரும்பாலும் அவை கடைச் சுவரில் சாய்ந்தே நின்றுவிடுகின்றன.

'சைக்கிள் நடுரோட்டில் போகிறது' என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். எப்போதும் நடுவில் போகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டே இணையாகப் போகிற பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது தவறு, சொல்லித் திருத்த வேண்டும். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. நம் ரோடுகளில் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுக்கொண்டே வருகிறோம். ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, ஓரத்து மண் அப்படியே கிடக்கிறது, மழையில் அரித்து இன்னும் இறங்குகிறது. தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே அரையடிப் படி உண்டாகிவிடுகிறது. காரில் போகிறவருக்கு அந்தப் படி கண்ணில் படாது. சைக்கிளின் முன்சக்கரம் அதில் இறங்கினால் ஆள் சாலைப் பக்கமாகவே விழுவார், பின்னால் வருகிற வண்டிக்கு அடியில். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் விளிம்பை விட்டு இரண்டடி தள்ளி ஓட்டுகிறார்கள். ஐந்தரை மீட்டர் ரோட்டில் அந்த இரண்டடி கார்காரருக்குப் பாதி ரோடாகத் தெரிகிறது. ரோடு போடும்போதே ஓரத்தைக் கிராவல் போட்டு இறுக்கித் தார் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும் வேலைதான். செய்ததாக எழுதிவிட்டுப் போவதும் வழக்கமாகிவிட்டது. இதைச் சரியாக வாங்கினால் கேட்டவரின் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும், சைக்கிள்காரரின் உயிரும் தப்பும்.

உயிர் என்று சொன்னதால் அதையும் கணக்கில் வைக்க வேண்டும். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். சைக்கிள் மோதி இறப்பது எப்போதாவது நடக்கலாம். சைக்கிளில் போகும்போது மோதப்பட்டு இறப்பது தினசரிச் செய்தி. அடுத்தவருக்கு உண்டாக்கும் ஆபத்துக்கு விலை போடுவதாக இருந்தால் அதைச் செலுத்த வேண்டிய பட்டியலில் சைக்கிள் கடைசியில்தான் வரும்.

சைக்கிளுக்கு வரி என்பது நமக்குப் புதிதும் இல்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில் உள்ளாட்சிகள் வருடா வருடம் சைக்கிள் வரி வாங்கி, வண்டியில் மாட்டிக்கொள்ள ஒரு வில்லை கொடுத்த காலம் உண்டு. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் வில்லை இல்லாமல் மாட்டிக்கொண்ட கதை சொல்வார்கள். அது சைக்கிள் சொத்தாக இருந்த காலம். வெளிநாட்டிலும் பார்த்துவிட்டார்கள். டொரண்டோ நகரம் 1935-இல் சைக்கிள் உரிமம் கொண்டுவந்து 1950-களில் கைவிட்டது. சுவிட்சர்லாந்தில் சைக்கிளுக்கு ஒரு ஸ்டிக்கர் வாங்க வேண்டியிருந்தது. அதுவும் விபத்துக் காப்பீட்டுக்காகத்தான், 2012-இல் எடுத்துவிட்டார்கள். ஓர் உரிமத்துக்கு 50 ரூபாய் வாங்கினால் பதிவேடு, எழுத்தர், அட்டை, ரோட்டில் நின்று பிடிக்க ஆள் என்று அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். அப்புறம் யார்மேல் அது விழும் என்று பாருங்கள்: அதிகாலையில் பேப்பர் போடும் பையன், செங்கல் சூளைக்குப் போகும் வடமாநிலத் தொழிலாளி, அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பதினோராம் வகுப்புப் பெண். ஒரு கையால் அரசு இலவசமாகக் கொடுத்ததற்கு இன்னொரு கையால் கட்டணம் கேட்க முடியாது. லட்ச ரூபாய் சைக்கிளில் ஞாயிற்றுக்கிழமை முட்டம் வரை போய்வருகிறவரிடம் மட்டும் வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அவர் வாங்கும்போதே விலைக்கேற்ற ஜிஎஸ்டி கட்டியிருக்கிறார். அது போதும்.

கார்காரர் இன்னும் கட்ட வேண்டுமா என்பது கேள்வியின் மறுபாதி. நெரிசல் நேரத்தில் நகருக்குள் வரும் காருக்குக் கட்டணம் என்பதை உலகத்தில் முதலில் செய்தது சிங்கப்பூர், 1975-இல். நாளுக்கு 3 சிங்கப்பூர் டாலர். நான்கு பேர் ஏறி வந்த காருக்கு அப்போது விலக்கு. லண்டன் 2003 பிப்ரவரியில் 5 பவுண்டோடு ஆரம்பித்தது. நியூயார்க் 2025 ஜனவரியில் 9 டாலர். ஸ்டாக்ஹோம் 2006-இல் ஏழு மாதம் சோதனையாக நடத்தியபோது நகர எல்லையைத் தாண்டும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பிறகு வாக்கெடுப்பில் மக்களே ஆதரித்தார்கள், 2007-இல் நிரந்தரமாயிற்று. இதன் பின்னால் உள்ள சிந்தனைக்காக நினைக்கப்படும் வில்லியம் விக்ரி 1996-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். இந்த நகரங்கள் எதிலும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை.

நாகர்கோவிலுக்கு இப்படி ஒரு நுழைவுக் கட்டணம் வேண்டுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ஸ்டாக்ஹோமில் காரை விட்டுவிட்டு ஏற மெட்ரோ இருந்தது. நம் ஊரில் ராத்திரி ஒன்பதுக்குப் பிறகு உள்ளூர்களுக்குப் பஸ் கிடைப்பதே பாடு. அதோடு திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிறவரும் நகரத்தின் ஓரத்தையாவது தொடாமல் போக வழியில்லாத நிலை இருக்கும்வரை, மாற்று வழி கொடுக்காமல் கட்டணம் போடுவது அநியாயம். நாலுவழிச் சாலை முழுதாகத் திறந்து கடந்துபோகும் வண்டிகள் விலகிய பிறகு மறுபடி யோசிக்கலாம்.

ஆனால் நிறுத்துவதற்குக் கட்டணத்தை நாளைக்கே ஆரம்பிக்கலாம். கன்னியாகுமரியில் சுற்றுலா வண்டிகளிடம் பார்க்கிங் கட்டணம் வாங்கிப் பழக்கம்தான். கோட்டார் கம்போளம், மீனாட்சிபுரம், வடசேரி, மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் உள்ள பஜார் ரோடு ஆகிய இடங்களில் கோடு போட்டு, முதல் அரை மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு மணி ஏறும் கட்டணம் என்று வைத்தால், காய்கறி வாங்க வருகிறவருக்கு ஒன்றும் ஆகாது. காலையில் கொண்டுவந்து போட்டுவிட்டு ராத்திரி எடுக்கும் கடைக்காரரின் காரும் ஊழியரின் காரும்தான் முதலில் நகரும். வியாபாரிகள் எதிர்ப்பார்கள். ஆனால் தன் கடைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கும் கார் தன் வாடிக்கையாளரின் இடத்தைத்தான் பிடித்திருக்கிறது என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் விலக்கு வேண்டும். வசூலாகும் பணம் அதே தெருவின் நடைபாதைக்கும் ஓடைக்கும் போகிறது என்று பலகையில் மாதாமாதம் எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதாவிட்டால் இதை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் வேண்டியதில்லை.

பைக்கைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்தில் உண்மையில் ரோட்டை நிரப்புவது அதுதான். ஒரு லட்சம் வரை விலையுள்ள பைக்குக்கு வாழ்நாள் வரி 10 சதவீதம். 90,000 ரூபாய் வண்டிக்கு 9,000, நாளுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. சைக்கிளை விட்டுப் பைக்குக்கு மாறியவர்கள் வசதிக்காக மட்டும் மாறவில்லை. ஏற்ற இறக்கமான ரோடு, பஸ் இல்லாத உள்ளூர், தூரத்து வேலை என்று கட்டாயத்தாலும் மாறினார்கள். அவர்கள்மேல் புதுக் கட்டணம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். நிறுத்துமிடத்தில் காருக்கு வாங்குவதில் ஐந்தில் ஒரு பங்கு வாங்குவது நியாயமாக இருக்கும், ஏனென்றால் இடமும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

கடைசியாக, கேட்டவர் அடுத்து வாங்கப் போவது மின்சாரக் காராக இருந்தால் இதையும் யோசிக்க வேண்டும். தமிழ்நாடு மின் வாகனங்களுக்கு வாழ்நாள் வரி விலக்கு கொடுத்து வந்திருக்கிறது. பெட்ரோல் வரியும் அவற்றுக்குக் கிடையாது. பேட்டரியின் எடையால் அதே அளவு பெட்ரோல் காரைவிடக் கனமாகவும் இருக்கும். இன்று அவர் சைக்கிள்காரரைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை, அன்று பெட்ரோல் போட்டுப் பைக் ஓட்டுகிறவர் அவரைப் பார்த்துக் கேட்பார். நியூசிலாந்து இதற்கு வழி கண்டிருக்கிறது. டீசல் வண்டிகளிடம் 1970-களிலிருந்தே ஓடும் கிலோமீட்டருக்கும் எடைக்கும் ஏற்பக் கட்டணம் வாங்கி வந்தவர்கள், 2024 ஏப்ரலிலிருந்து மின்சாரக் கார்களையும் அதில் சேர்த்தார்கள். எடையையும் தூரத்தையும் பார்க்கும் முறை அது. இங்கேயும் அது வர வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். வரும்போது வாழ்நாள் வரியைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும், இரண்டையும் சேர்த்துச் சுமத்தக் கூடாது. வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் காரை எடுக்கிறவர் அப்போது இன்றைவிடக் குறைவாகவே கட்டுவார்.